கோமுகித் தண்ணீர் போன வழி

புதிதாகக் குழாய் வேலை உரிமம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். விதிப்புத்தகத்தை என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். எந்தக் குழாய்க்கு எவ்வளவு சரிவு, எங்கே ஆய்வுக்குழி வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஓய்வு பெற்ற கிழவனைக் கூப்பிட்டால் பழம்பெருமைதான் பேசுவான் என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிக்கிறது. கவலைப்படாதே அம்மா. இன்றுவரை எனக்குச் சரியா தப்பா என்று தெரியாத ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் தொழிலில் தலையாய விதி ஒன்றே ஒன்றுதான். வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் லோங்காங்குக்கு, அதாவது மழைநீர்க் கால்வாய்க்குப் போக வேண்டும். மனிதன் புழங்கி அழுக்கான தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. இங்கே தெருவோர லோங்காங்கில் ஓடுவது நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்தமாகி, நம் வீட்டுக் குழாயில் வருகிறது. சுவா சூ காங்கில் ஒரு புண்ணியவான் பால்கனியில் சலவை இயந்திரத்தை வைத்து, அதன் கழிவுக் குழாயை மழைக்குழாயில் சொருகிவிட்டார். கீழே லோங்காங்கில் நுரை பொங்கியது. மேலே போய்க் கேட்டால், "தண்ணி தண்ணிதானே, எங்க போனா என்ன லா?" என்றார். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு வழியில் மாட்டிக் கொடுத்தேன். அந்த மாதிரி வேலைகளில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மண்டை காய்ந்துபோனது ஒரு கோயிலில். லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கும் சின்ன முருகன் கோயில். பெயர் வேண்டாம். நான் முஸ்லிம். கோயில் வேலைக்கு என்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் யாரும் மதம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்தக் கோயிலுக்குப் பல வருடமாக நான்தான் குழாய்க்காரன். எல்லாரும் என்னை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கருவறைக்குள் சாமிக்குப் பால், தயிர், சந்தனம், மஞ்சள் என்று ஊற்றி அபிஷேகம் செய்வார்கள். ஊற்றியதெல்லாம் சுவரில் இருக்கும் ஒரு கல் வாய் வழியாக வெளியே விழும். அதற்குக் கோமுகி என்று பெயர். அந்தக் கோயிலில் கோமுகித் தண்ணீர் ஒரு சிறிய வாய்க்காலில் ஓடி, பின்சுவரில் இருந்த ஓட்டை வழியாக நேரே லோங்காங்கில் விழுந்துகொண்டிருந்தது. கோயில் கட்டிய காலத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை. ஒரு சஷ்டிக்கு மறுநாள் லோங்காங் முழுக்க வெளுத்து, வெயிலில் பால் புளித்து நாற்றமெடுத்தது. எதிர்மாடிக்காரர் படம் பிடித்து அனுப்பிவிட்டார். கழிவுநீர்த் துறையிலிருந்து ஒரு சீனப் பெண் அதிகாரி வந்தார். மரியாதையான பிள்ளை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனாராம். பங்குனி உத்திரத்துக்குள் கோமுகித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இணைக்கும்வரை அபிஷேகத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கோயிலுக்குப் பங்குனி உத்திரம்தான் பெரிய திருநாள். பால்குட வரிசை சந்து தாண்டிப் பெரிய ரோடு வரை நிற்கும்.

கோயில் கமிட்டித் தலைவர் என்னைக் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டார். சரக்கு ஏற்றுமதி செய்கிறவர். வாயைத் திறந்தால் வேலை முடிந்த மாதிரிதான் பேசுவார். இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ வந்தது.

"பாய், சின்ன வேலைதான். கோமுகிக்குக் கீழ ஒரு குழி. அங்கேர்ந்து நாலு எட்டுல டாய்லெட் லைன் மேன்ஹோல். அதுல சேத்துவிட்டா முடிஞ்சுது."

"இடத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாருங்க. ஒரே ஒரு விஷயம், ஐயருக்குத் தெரிய வேணாம்."

கிளாஸை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவர் ஒத்துக்க மாட்டேங்கிறார் லா. அபிஷேகத் தண்ணி கக்கூஸ் தண்ணியோட சேரக்கூடாதாம். கமிட்டியில எல்லாருக்கும் கோபம். அடுத்த மாசம் அவர் வேலை பாஸ் முடியுது. இப்படியே பிடிவாதம் பிடிச்சா ரினியூ பண்ண வேணாம், வேற ஐயரைக் கொண்டாந்துக்கலாம்னு பேசுறாங்க. பாவம், அவர் மகள் ஊர்ல பல் டாக்டருக்குப் படிக்குது, கடைசி வருஷம். அவருக்குத் தெரியாம முடிஞ்சா அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அடுத்த வாரம் மார்சிலிங்ல ஒரு வீட்டுக்குக் கணபதி ஹோமம் பண்ணப் போறார். அன்னைக்கே தோண்டி மூடிடுங்க."

அவர் ஐயர் என்றது கோயில் குருக்களை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பாஸில் வந்தவர். கோயில் வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தலைவர் சொன்னதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். விதிப்படி பார்த்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. கோமுகித் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டும் என்றுதான் துறையும் கேட்கிறது. குருக்களின் சம்மதத்தை எந்த விதியும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாவிட்டால் வேலையும் தப்பும், மகள் படிப்பும் தப்பும். செய்துவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் மதியம் நடை சாத்திய நேரத்தில் இடம் பார்க்கப் போனேன். தலைவரும் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் பின்பக்கக் கழிப்பறைக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பழைய மண்குழாய். சுவரோரம் நின்ற வேப்பமரம் வேரைக் குழாய்க்குள் விட்டு, குஞ்சம் கட்டிய மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மட்டம் பிடித்துப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன்.

இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குழாய் எங்காவது அடைத்துக்கொண்டால், அதில் சேர்ந்திருக்கும் வாய்களில் எது தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் தண்ணீர் முதலில் மேலே வரும். கழிப்பறைத் தரை உயரம். கோமுகி விழும் இடம் பள்ளம். அதாவது, தலைவர் சொன்ன மாதிரி சேர்த்துவிட்டு, அந்த மண்குழாய் ஒருநாள் அடைத்தால், கழிப்பறைத் தண்ணீர் கோமுகிக்கு அடியில் பொங்கும். அடைக்குமா என்று கேட்கவே வேண்டாம். நெய், சந்தனம், பூவிதழ் எல்லாம் அந்த வேர்க் குஞ்சத்தில் போய்ச் சிக்கும். அதைத் தடுக்கக் கோமுகிக் குழியில் ஒரு வலைக்கூடை வைத்து, தினமும் ஒருவர் எடுத்துக் கழுவ வேண்டும். அந்த ஒருவர் அங்கேயே இருக்கும் குருக்கள்தான். குழாய் இருப்பதே தெரியாதவர் கூடையை எப்படிக் கழுவுவார்?

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் குருக்கள் நிற்கிறார். ஒல்லியான மனிதர், ஐம்பது தாண்டியவர். ஈர வேட்டியைக் காயப்போட வந்திருக்கிறார்.

"என்ன பாய், இந்த வெயில்ல என்னத்தை அளக்கறேள்?"

லோங்காங் அடைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேட்டியை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போயிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் பாஸும் மகள் படிப்பும்கூட ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் கூடையை யார் கழுவுவது என்ற கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

"கோமுகித் தண்ணியக் கழிவுநீர்க் குழாய்ல சேக்கணும் ஐயரே. இந்தக் குழியில சேக்கச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னும் சொன்னாங்க."

வேட்டியைக் கொடியில் போட்டார். ஓரத்தை இழுத்து நேர் பண்ணினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"டாய்லெட் குழியிலேயா?"

"ஆமா."

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து தலைவர் வந்தார். கூடவே கமிட்டிச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா, டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"பாய், ஐயர்கிட்ட என்ன பேச்சு?"

"என்ன வேலைன்னு கேட்டார். சொன்னேன்."

"உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு நான் ஆளே இல்லை என்பதுபோல் குருக்கள் பக்கம் திரும்பினார். "சரி, தெரிஞ்சது தெரிஞ்சிடுச்சு. ஐயரே, நீங்க ஒண்ணு யோசிக்கணும். போற தண்ணிக்கு இவ்வளவு பேசுறீங்களே, சாமிக்கு ஊத்துற தண்ணி எங்கேர்ந்து வருது? இந்த ஊர்ல கழிவுத் தண்ணியைத்தான் சுத்தம் பண்ணித் திரும்பக் கலக்குறாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் திக்கென்றது. நானும் அதை நினைத்துவைத்திருந்தேன். அவர் மனசு உடைந்துவிடுமோ என்றுதான் சொல்லவில்லை. தினமும் காலையில் குளித்து, மடியாக இருந்து சாமிக்கு ஊற்றுகிற மனிதரிடம் இதையா போட்டு உடைப்பது? டீச்சருக்கும் சங்கடம், தரையைப் பார்த்தார்.

குருக்கள் சிரித்தார். "தெரியாம என்ன? ஸ்கூல் பசங்க கோயில் பாக்க வரும்போது வரிசையா சொல்றதே. வர்ற தண்ணி எங்கேர்ந்து வந்தாலும் எனக்குக் கவலையில்லை. கலசத்துல எடுத்துவச்சு, மந்திரம் சொல்லி, கங்கையை அதுல வரச்சொல்லித்தான் ஊத்தறேன். வர்ற தண்ணியைச் சுத்தமாக்க மந்திரம் இருக்கு. சாமி மேல பட்டு இறங்கின தண்ணிக்கு அதுக்கப்புறம் ஒரு மந்திரமும் கிடையாது. அதைப் பத்திரமா அனுப்பிவைக்கறது மட்டும்தான் என் வேலை."

"அனுப்பத்தான் சொல்றோம்."

"நானும் அனுப்பமாட்டேன்னு சொல்லலையே." என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்க தொழில்காரர். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் குழியில சேத்தா, டாய்லெட் தண்ணி என்னைக்காவது இந்த வழியா சாமிகிட்டத் திரும்பி வருமா?"

தலைவர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். வராது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். குருக்கள் நம்பியிருப்பார்.

"வரும் ஐயரே," என்றேன். "இன்னைக்கு இல்லேன்னா ஆறு மாசத்துல. இங்கதான் பள்ளம்."

"அதுக்கு வால்வு போடலாம்ல?" என்றார் தலைவர்.

"போடலாம். நெய்யும் சந்தனமும் அதுல ஒட்டிக்கிட்டா வால்வு மூடாது. மூடாத வால்வு இருந்து என்ன புண்ணியம்?"

டீச்சர்தான் கேட்டார். "வேற வழியே இல்லையா பாய்?"

இருந்தது. அதை நான் மட்டம் பிடிக்கும்போதே பார்த்துவிட்டேன். கோமுகியிலிருந்து தனிக் குழாய் போட்டு, முன்மண்டபத்துக்கு அடியில் கொண்டுபோய், தெருவாசலில் இருக்கும் கடைசிக் குழியில் சேர்க்கலாம். அந்தக் குழி தாழ்வு. பொதுக்குழாயே அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் தெருப்பக்கம் வழியுமே தவிர கோயிலுக்குள் ஏறாது. கோமுகிக்கு மேலே ஏற்கெனவே கூரை இருக்கிறது, சுற்றிலும் ஒரு சிறு மேடு கட்டிவிட்டால் மழைத்தண்ணீரும் குழாய்க்குள் போகாது. கையை நீட்டி வழியைக் காட்டினேன். முன்மண்டபத் தரை முழுக்கக் கருங்கல். போட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பளபளவென்று கண்ணைப் பறித்தது.

"நானும் அன்னைக்கு இதைத்தானே சொன்னேன்," என்றார் குருக்கள் மெதுவாக. "மண்டபத்துக்கு அடியில தனியா கொண்டுபோங்கோ, யாரும் மிதிக்காதபடி மூடியிருந்தாப் போதும்னு தலைவர்கிட்டச் சொன்னேனே."

டீச்சர் சட்டென்று தலைவரைப் பார்த்தார். "ஐயர் எதுக்குமே ஒத்துக்கலேன்னுதானே நீங்க கமிட்டியில சொன்னீங்க?"

தலைவர் கண் மண்டபத் தரைப் பக்கம் போனது. நம் கோயில்களில் உங்களுக்குத் தெரியாதது இல்லை. விளக்கு, மணி, மின்விசிறி எதைப் பார்த்தாலும் இன்னார் உபயம் என்று எழுதியிருக்கும். அந்தக் கருங்கல் தரை தலைவருடைய உபயம். நடுவில் ஒரு பெரிய கல்லில் அவருடைய காலமான அம்மா பெயர் செதுக்கியிருந்தது. நான் காட்டிய வழி அந்தக் கல்லுக்கு நேர் அடியில் போயிற்று. கழிப்பறைக் குழியில் சேர்க்கச் சொன்னதற்கும், ஐயர்மேல் பழியைப் போட்டதற்கும் காரணம் அதுதான். குழாய் முதலில், தரை பிறகு என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். உபயம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனிதனை ஊருக்கு அனுப்பப் பார்த்தது இந்தக் கல்லுக்காகவா என்று கேட்க வாயைத் திறந்தேன். தலைவர் முந்திக்கொண்டார்.

"எங்கம்மா கடைசியா ஆஸ்பத்திரியில கேட்டது இது ஒண்ணுதான் டீச்சர். கும்பிட வர்றவங்க கால் என் பேர் மேல படணும்னு கேட்டாங்க. போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. அதை நான் எப்படி உடைக்கச் சொல்வேன்?" முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆத்திரம் போய்விடவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"உடைக்க வேணாம் ஐயா," என்றேன். "அலுங்காம எடுத்து, திரும்ப அதே எடத்துல போட ஆள் இருக்காங்க. நானே பக்கத்துல நிக்கிறேன்."

கமிட்டி கூடிப் பேசி, நீளமான வழிக்கே சரி என்றது. துறையில் அனுமதியும் கிடைத்தது. கல்லைத் தூக்கிய அன்று தலைவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரு தூண் பக்கத்தில் நின்றார். பூன் லேயிலிருந்து வந்த கல்வேலைக்காரர்கள் இரண்டு பேர். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். கீறல்கூட விழவில்லை. அடியில் குழாய் போட்டு, மூடி, கல்லை அதே இடத்தில் வைத்துத் துடைத்தபோது, தலைவர் கிட்டே வந்து குனிந்து பெயரைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு நன்றி சொன்னார். குருக்கள் அங்கேதான் நின்றார். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நான்தான் மடையன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் போன் பண்ணினார். குருக்கள் பாஸை ரினியூ பண்ணுவதில்லை என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. இளம் ஐயர் வேண்டும், குரல் வளம் வேண்டும் என்று ஏதேதோ காரணம். டீச்சர் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார். தலைவர் பக்கம்தான் ஆள் அதிகம். கல் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கமிட்டியில் பொய் சொன்னவர் என்று நாலு பேருக்குத் தெரிந்துபோனதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தினமும் குருக்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு என் கோபத்துக்கு அளவே இல்லை. இறுதிச் சோதனை மறுநாள். குழாயில் தண்ணீர் நிரப்பி, கசிவு பார்த்து, சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் துறை ஏற்றுக்கொள்ளும். என் கையெழுத்து இல்லாவிட்டால் பால்குடம் இல்லை. இப்போது உங்கள் மனசில் ஓடுவதுதான் என் மனசிலும் ஓடியது.

சோதனை நல்லபடியாக முடிந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நேரே குருக்களிடம் போனேன். கோமுகிப் பக்கம் உட்கார்ந்து, புதிய வலைக்கூடையை எடுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஐயரே, நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. உங்க பாஸை ரினியூ பண்ணாத்தான் போடுவேன்னு தலைவர்கிட்டச் சொல்லப்போறேன். நாளைக்குப் பால்குடம். அவர் வழிக்கு வந்துதான் ஆகணும்."

கூடையைக் கீழே வைத்தார். "குழாய் சரியா இருக்கா பாய்?"

"குழாய்க்கென்ன, பிரமாதமா இருக்கு."

"அப்புறம் சரியில்லேன்னு எழுதப்போறேளா?"

"அப்படி எழுத மாட்டேன். போடாம வச்சிருப்பேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே? அன்னைக்குத் தலைவர் அப்படி முறைச்சிண்டு நிக்கறச்சே, தண்ணி திரும்பி வரும்னு என்கிட்டச் சொன்னேள். அதை நான் ஏன் நம்பினேன்? யாருக்காகவும் குழாயைப் பத்தி மாத்திச் சொல்ற ஆள் நீங்க இல்லேன்னுதான். இப்போ எனக்காக மாத்தினா, அன்னைக்குச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டா. பாதிப் பேர் நேத்திக்கடன் வேண்டிண்டு வரா. அவா பால்குடத்தை நிறுத்தியா நான் இங்க இருக்கணும்?"

"உங்க பொண்ணு படிப்பு?"

கூடையைத் திரும்ப எடுத்துக் குழியில் பொருத்தினார். "ஊர்ல ஏதாவது கோயில் கிடைக்கும். பாத்துக்கலாம். நீங்க போய்க் கையெழுத்துப் போடுங்கோ."

போட்டேன். 

பங்குனி உத்திரத்தன்று தெருவாசல் குழியின் மூடியைத் திறந்துவைத்து, சுற்றித் தடுப்புக் கட்டி, பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் அதிகாரியும் வந்திருந்தார். உள்ளே மேளச் சத்தம், அரோகரா சத்தம். முதல் குடம் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் குழிக்குள் வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அப்புறம் நாளெல்லாம் பால் ஓடியது. ஒரு இடத்திலும் தேங்கவில்லை. அதிகாரி நிறைய நேரம் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். லோங்காங் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கூட்டம் ஓய்ந்த பிறகு குருக்கள் வெளியே வந்தார். தோளெல்லாம் சந்தனம், தொண்டை கட்டிப்போயிருந்தது. குழிக்குள் குனிந்து பார்த்தார்.

"சரியாப் போறதா பாய்?"

"சரியாப் போகுது ஐயரே."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார். புது ஐயருக்குக் கூடையைக் கழுவச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார் என்று டீச்சர் சொன்னார்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம் கையெழுத்துக்கு ஒரு பலம் உண்டு. நாளைக்கு நல்ல காரியத்துக்காகவே அதை வளைக்கச் சொல்லி உங்கள் மனசாட்சியே உங்களிடம் கேட்கும். கெட்டவன் கேட்டால் மறுத்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். நல்ல காரணம் கேட்கும்போதுதான் கஷ்டம். குழாய் சரியாக இருந்தால் சரி என்று எழுதுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். வேறு எதையும் அந்தத் தாளில் ஏற்றாதீர்கள். இதைத்தான் நான் செய்தேன், உங்களையும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். செய்தால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

அந்தக் குழாய் இன்றுவரை ஒருமுறைகூட அடைத்ததில்லை. டீச்சர் எப்போதாவது கூப்பிட்டுப் பேசுவார். குருக்கள் ஊரிலிருந்து அவருக்குப் போன் பண்ணுவதுண்டாம், ஒவ்வொரு தடவையும் என்னை விசாரிப்பாராம். அவருடைய மகள் பல் டாக்டர் படிப்பை முடித்தாளா என்று ஒரு வார்த்தை கேட்டால் டீச்சர் சொல்லிவிடுவார். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.